மண்ணிறக் குளிசை ஏழு

அந்த வருடம் சிலாவத்தைக் கரையில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின இரவில் வைக்கவேண்டிய பாஸ்கா திருவிழிப்புப் பூசை பகல் மூன்று மணிக்கே நடந்தது. இருட்டிய பிறகு ஆட்கள் வெளியே வராத சண்டைக் காலம். இரவில் ஏற்றவேண்டிய மெழுகுதிரிகளை வெயிலில் ஏற்றினார்கள். சுடர் எரிகிறதா அணைந்துவிட்டதா என்று கிட்ட வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. யூலிற்றாவும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெழுகு உருகி விரலில் விழுந்து காய்ந்திருந்ததை வீட்டுக்கு வந்து பானை கழுவும்போதுதான் கண்டாள்.

எட்டு மாதமாக அவள் அப்படித்தான். சுட்டால் சூடு தெரியாது, யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் கேட்கும். முந்தின ஆவணியில் அவளுடைய நாலாவது பிள்ளையை யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் வெட்டி எடுத்தார்கள். பிள்ளைக்கு உயிர் இல்லை. கருப்பை கிழிந்திருந்தது. இன்னொன்று தங்கினால் பிள்ளையும் மிஞ்சாது, தாயும் மிஞ்சமாட்டாள் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். அப்போதே குழாயைக் கட்டிவிடலாம், புருசனின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். புருசன் கிறகோரி அந்த நேரம் நாயாற்று மீன்வாடியில் தொழிலில் நின்றான். தகவல் போய்ச் சேர்ந்து அவன் ஓடிவந்தபோது வயிறு தைத்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டு ஆறட்டும், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் போவதென்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது என்றாகிவிட்டது.

அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கும் இடையில் மும்மூன்று வருசம் விழுந்தது கடல் செய்த உபகாரம். இருட்டுக்காலம் முழுக்கக் கிறகோரி வாடியில் கிடப்பான். நிலவு எறித்து வலையில் மீன் படாத நாட்களில்தான் வீட்டுக்கு வருவான். கார்த்திகையில் கடலுக்கு இறங்கக்கூடாது என்று தடை போட்டார்கள். வள்ளங்கள் கரையில் ஏறிக் குப்புறக் கிடந்தன. கிறகோரி பகலில் நந்திக்கடல் பக்கம் போய் இறாலுக்கு வலை வீசிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வந்து வாசலில் குந்தினான். ஒவ்வொரு நாளும் வந்தான். கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசத்தில் அவன் இப்படித் தொடர்ந்து வீட்டில் இருந்ததில்லை.

முதலில் காயத்தைச் சொல்லித் தள்ளிவைத்தாள். பிறகு தவக்காலம் வந்தது. கிறகோரி சொல்லுக் காக்கிறவன். சாம்பல் பூசிய நாளிலிருந்து சாராயம் இல்லை, இறைச்சி இல்லை, பாயும் வெளியே. நாற்பது நாளும் பொறுத்தான். உயிர்த்த ஞாயிறன்று இரவு பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் வற்புறுத்தவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் எங்கோ தூரத்தில் கிடந்தது. எழும்பிப் போய் எடுத்துவர அவளுக்கு அலுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கிணற்றடியில் வாளியை விட்டபோது நாள் கணக்கு தானாகவே மனதில் ஓடியது. குருத்து ஞாயிறுக்கு முந்தின திங்கள் மாதவிலக்குத் தொடங்கியது. அங்கிருந்து பதினாலு நாள், பிள்ளை தங்குகிற நாள். வாளி நிரம்பியதும் தூக்கி வைத்துவிட்டு, நேரே புனிதம் வீட்டுக்குப் போனாள்.

புனிதம் கிறகோரியின் தங்கை. புருசன் மரியநேசன் இரண்டு வருசமாகச் சவுதியில்.

"என்ன மச்சாள், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"ராத்திரி உன்ர அண்ணன்ர தவசு முடிஞ்சுது."

புனிதம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாப்பது நாள் பட்டினி கிடந்த மனுசன், பாவம்." அடுத்த கணமே கை வாயிலிருந்து இறங்கியது. "மாதாவே! டொக்குத்தர் சொன்னது?"

"அதுதான்."

"அதுதான் எண்டு கல்லு மாதிரி நிக்கிறியே, அழன் எடி!"

யூலிற்றா அழவில்லை. புனிதம் அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அடுப்படிக்குப் பக்கத்தில் கீழே இருந்த பால்மாப் பேணியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். சின்னச் சின்ன மண்ணிறக் குளிசைகள்.

"பிள்ளை தங்காமலிருக்க மருத்துவிச்சி மிசி எனக்குத் தந்த அட்டையளில மிச்சம் பிடிச்சது. இஞ்ச பார், ஓரட்டையில வெள்ளை இருபத்தொண்டு, மண்ணிறம் ஏழு. வெள்ளை குடிக்கேக்க ஒண்டும் வராது. மண்ணிறம் துடங்கி மூண்டாம் நாள் டாண் எண்டு வந்திடும். அப்ப எது மச்சாள் கொண்டுவாறது?"

"மண்ணிறம்."

"பாத்தியே. இதுக்குப் படிப்பு வேணுமே? கரையில ரெண்டு பேருக்குச் சுணங்கிப்போய்க் குடுத்தனான். ரெண்டு பேருக்கும் வந்தது."

"அப்ப வெள்ளை?"

"அவர் சவுதியில, எனக்கென்னத்துக்கு வெள்ளை? இடிச்சு மல்லிகைக்குப் போட்டிட்டன். என்னமாப் பூக்குது பார்."

யூலிற்றா ஏழையும் ஒரே தரத்தில் வாயில் போட்டுத் தேத்தண்ணியோடு விழுங்கினாள். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு சுவை. வேலை முடிந்தது என்று நினைத்தாள். நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அதுவும் வரவில்லை, வீட்டுக்குப் போய் மீன் வெட்டினாள்.

செவ்வாய்க்கிழமை வயிற்றைப் பிசைந்தது. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. புனிதத்துக்குச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. "வேலை செய்யுது மச்சாள், ஊத்தையெல்லாம் கழண்டு போகுது." புதன்கிழமையும் அப்படியே. அன்றைக்கு முள்ளியவளையிலிருந்து மருத்துவிச்சி வந்திருக்கிறாவாம், நாலு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வர விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வயிற்று நோவுக்கு ஏதாவது வாங்கலாமென்று இருவரும் போனார்கள்.

மருத்துவிச்சி விமலேஸ்வரி கோயில் பள்ளிக்கூடத்து விறாந்தையில் மேசை போட்டு இருந்தா. நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சீலை, தூணில் சாத்தி வைத்த சைக்கிள். காலையிலிருந்து பிள்ளைகளை நிறுத்து ஊசி போட்டு, மூன்றரை மணிக்குத் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தா. ஐந்து மணிக்கு முதல் காவலரணைத் தாண்டிவிட வேண்டும்.

"வயித்தால கறுப்பாப் போகுது மிசி," என்றாள் யூலிற்றா.

"எப்ப துடங்கினது?"

"நேற்று."

"என்ன சாப்பிட்டனீர்?"

யூலிற்றா புனிதத்தைப் பார்த்தாள். புனிதம் விறாந்தைக் கூரையில் எதையோ தேடினாள்.

"புனிதம், உம்மட மூஞ்சை சரியில்லை. என்ன குடுத்தனீர் இவவுக்கு?"

"நீங்கள் தந்ததுதான் மிசி. மண்ணிறம். ஏழு."

விமலேஸ்வரி தராசை மேசையில் வைத்தா. ஏன், எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. புனிதம் முழுவதையும் ஒப்புவித்தாள், மல்லிகை உட்பட.

"அது இரும்புச்சத்து, பிள்ளை. ரத்தம் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிற அதே சாமான். இருபத்தெட்டு நாளும் குளிசை குடிக்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்த ஏழும். வெள்ளையை நிப்பாட்டினபடியால் ரத்தம் வருது. மண்ணிறம் கொண்டுவாறேல்லை."

"அப்ப கரையில அந்த ரெண்டு பேருக்கும் வந்ததே மிசி?"

"சேவல் கூவாட்டி விடியாதோ புனிதம்? அதுகளுக்கு வாற நேரம் வந்தது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பேணியை எங்க வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டா.

"அடுப்படியில, கீழ."

"வீட்டுக்குப் போனவுடன எடுத்து உயர வையும், நான் அடுத்த தரம் வரேக்க என்னட்டத் தாரும். பெரியாளுக்கு ஏழு, வயித்தைப் பிசையிறதோட போகும். சின்னப் பிள்ளை இனிப்பெண்டு அள்ளித் திண்டால் உயிர் போயிடும்."

புனிதம் வெளிறிப்போனாள். யூலிற்றா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் யாரோ பொடியன் சவர அலகால் தன் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கியிருந்தான். அவள் அதை விரலால் தடவினாள். அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை, திங்கட்கிழமை காலை இருந்த இடத்திலேயேதான் நிற்கிறேன் என்பது மெல்லமாகப் புரிந்தது.

"யூலிற்றா, இஞ்ச என்னைப் பாரும். ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணி?"

"தெரியாது மிசி."

"யோசியும். வெக்கப்பட நேரமில்லை."

"லண்டன் செய்தி முடிஞ்சு றேடியோவை நிப்பாட்டின பிறகு."

"அப்ப ஒரு பத்து மணி." விமலேஸ்வரி விரல் மடித்தா. "அறுபத்தாறு மணித்தியாலம் முடியப்போகுது. எழுபத்திரண்டுக்குள்ள எண்டால் ஒரு வழி இருக்கு. முந்திக் குடிச்சிருந்தால் இன்னும் நல்லம். இனிச் சுணங்கக் கூடாது."

பையிலிருந்து மட்டை தேய்ந்த ஒரு கொப்பியை எடுத்துத் தாள் புரட்டினா. "ரெண்டு வருசத்துக்கு முன்னம் வகுப்பொண்டில டொக்டர் அம்மா ஒராள் சொல்லித் தந்தவா. எழுதி வைச்சிருக்கிறன், ஆருக்கும் இன்னும் குடுத்ததில்லை. அதையும் உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் தாறன்." எழுதியதை விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தா. பிறகு கேள்விகள் தொடங்கின. காலில் ரத்தம் கட்டி வீங்கியதுண்டா? நெஞ்சு நோ? மஞ்சட்காமாலை? ஒற்றைப் பக்கத் தலையிடி வந்து கண்ணில் மினுங்குமா? பிரசர் என்று யாராவது சொன்னார்களா? போன மாதம் ஒழுங்காக வந்ததா? யூலிற்றா ஒவ்வொன்றுக்கும் பூசையில் மறுமொழி சொல்வது போல ஒரே தொனியில் பதில் சொன்னாள்.

"இது பிள்ளையைக் கலைக்கிறதோ மிசி?" என்று கடைசியில் அவள் கேட்டாள்.

"இல்லை. தங்கிவிட்ட பிள்ளையை இது ஒண்டும் செய்யாது. தங்காமல் பாக்கிறது. அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. உங்கட சுவாமியார் என்ன சொல்லுவாரெண்டு எனக்குத் தெரியாது. அந்த டொக்டர் உம்மட வயித்தைத் திறந்து பாத்திட்டுச் சொன்னது எனக்குத் தெரியும்."

யூலிற்றா கையை நீட்டினாள்.

விமலேஸ்வரி ஒரு புது அட்டையிலிருந்து வெள்ளைக் குளிசைகளைப் பிதுக்கிப் பன்னிரண்டு எண்ணி, நாலு நாலாக மூன்று கடதாசிச் சுருளில் மடித்தா. "எல்லா அட்டையும் இதுக்குச் சரிவராது, இந்தச் சாதிக்குத்தான் நாலு எண்டு எழுதியிருக்கு. ஆராவது கேட்டால் நீர் குடுக்கப்படாது, என்னட்ட அனுப்பும். வெறும் வயித்தில வேண்டாம். சோறு திண்டிட்டு இப்ப நாலு. சரியாப் பன்னிரண்டு மணித்தியாலத்தில மற்ற நாலு. ஓங்காளிக்கும், தலை சுத்தும், பயப்பிடாதையும். குடிச்சு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தால் அந்த நாலையும் திரும்பக் குடிக்க வேணும். மூண்டாவது சுருள் அதுக்குத்தான். தாங்கேலாத தலையிடி, நெஞ்சு நோ, கால் நோ எண்டால் ஆசுபத்திரிக்குப் போயிட வேணும். மூண்டு கிழமைக்குள்ள மாதவிலக்கு வரவேணும். வராட்டில் மறைக்காமல் என்னட்ட வாரும், இனிப் புதன்கிழமையில இஞ்ச வருவன். இன்னொண்டு, இது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். இனி வாற நாளுக்குக் காவல் இல்லை. வருமட்டும் அவரை வெளியில படுக்கச் சொல்லும். விளங்கிச்சுதோ?"

"ஓம்."

"சொல்லும் பாப்பம்."

யூலிற்றா ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். விமலேஸ்வரிக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். தலையாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினா. புனிதம் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி யூலிற்றாவின் கையில் கட்டிவிட்டாள். மரியநேசன் சவுதியிலிருந்து அனுப்பியது. "மன்னிச்சுக்கொள் மச்சாள்," என்றாள். "பன்னிரண்டு மணித்தியாலத்தை இதில பாத்துக் குடி."

நாலு மணிக்குச் சோறும் சொதியும் தின்று முதல் நாலையும் குடித்தாள். ஐந்தேகாலுக்கு நெற்றி வேர்த்தது. ஐந்து இருபதுக்குக் கிணற்றடி வாழைக்குள் ஓடிப்போய்ச் சத்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிறகோரி நின்றான்.

"என்ன, சுகமில்லையே?"

மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. மறைக்கவும் ஒரு பலம் வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், கடையில் வாங்கவேண்டிய சாமான்களைச் சொல்வது போல. கேட்கக் கேட்க அவன் வலையை இறக்கி மண்ணில் வைத்தான்.

"நான்... அது நாப்பது நாள் எண்டு..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. அவள் இரண்டாவது சுருளைப் பிரிப்பதைக் கண்டதும் எட்டிக் கையைப் பிடித்தான். "என்ன செய்யிறாய்? இப்பதானே குடிச்சனி? கூடிப்போய்ச் செத்துப்போவாய்!"

"ஒரு மணித்தியாலமும் இருபது நிமிசமும். ரெண்டுக்குள்ள எண்டால் திரும்ப வேணும்."

"ஆர் சொன்னது?"

"மிசி."

"வயித்துக்குள்ள கொஞ்சம் இருந்தால்?"

"தெரியாது. திரும்பக் குடிக்கச் சொன்னவா."

அவன் பிடியை விடவில்லை. கையில் களப்புச் சேறு காயாமல் இருந்தது. அவனுடைய கை நடுங்குவதை அவள் பார்த்தாள். தன்னுடைய கை நடுங்கவில்லை என்பதையும் பார்த்தாள். "குடிக்காட்டிலும் சாவன்," என்றாள். பயமுறுத்தும் குரல் இல்லை; மழை வரப்போகிறது என்பது போல.

கிறகோரி கையை எடுத்தான். குசினிக்குள் போய் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி வைத்தான். அவனுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. வாடியில் சமைப்பதற்கு வேறு ஆள். புகையில் இருமிக்கொண்டு, சீனி கூடிய அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு வாய் பாணைத் தின்றுவிட்டு ஐந்தரைக்கு நாலையும் விழுங்கினாள். அடுத்த இரண்டு மணித்தியாலமும் அவள் சுவரில் சாய்ந்திருக்க, அவன் எதிரே சட்டியொன்றை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓங்காளித்தது; வெளியே வரவில்லை. காலை ஐந்தரைக்கு மூன்றாவது சுருள். அதுவும் தங்கியது. அத்தோடு குளிசை முடிந்தது.

அன்றிலிருந்து கிறகோரி பாயை வெளியே போட்டான். இந்தத் தரம் அவனாகவே போட்டான்.

நாட்கள் போயின. புனிதம் தினமும் வேலிக்கு மேலால் புருவத்தை உயர்த்துவாள். யூலிற்றா இல்லையென்று தலையாட்டுவாள். வரவேண்டியது திங்கட்கிழமை. திங்கள் வரவில்லை. அந்த நாட்களில் அவள் ஒன்பது வயது மூத்தவளைப் பிடித்து வைத்து வேலை பழக்கினாள். அரிசி எவ்வளவுக்குத் தண்ணி எவ்வளவு, சூடை மீனுக்கு எப்படிச் செதில் உரிப்பது, கடைக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் எந்தத் துணி. ஏன் சொல்லிக்கொடுக்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. செவ்வாய் பின்னேரம் தம்பியின் தலைக்கு எண்ணெய் வைக்கப் பழக்கும்போது, "அம்மா, நீங்கள் எங்க போறியள்?" என்று மகள் கேட்டாள்.

"எங்கயும் இல்லை. வடிவாத் தேய்."

அன்று கிறகோரி சோறு தின்னவில்லை. "ஒரு நாள் பிந்திப்போச்சோ?" என்று மட்டும் கேட்டான்.

"மூண்டு கிழமை பாக்கச் சொன்னவா. ரெண்டுதான் முடிஞ்சிருக்கு."

புதன்கிழமை விடிந்து கிணற்றடிக்குப் போனபோது சீலையில் ஈரம் தெரிந்தது. முதலில் கிணற்றுத் தண்ணி என்று நினைத்தாள். பார்த்தாள். துணியை அலசிக் காயப்போட்டாள், வாளியைக் கவிழ்த்து வைத்தாள், முகம் கழுவினாள். வீட்டுக்கு வந்து, கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவனின் முன்னால் நின்று, "வந்திட்டுது," என்றாள்.

கிறகோரி அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "நோகுதே?"

"இல்லை."

"இண்டைக்கு மிசி வாற நாளெல்லே? வா, நானும் வாறன்."

ஆம்பிளை ஒருவன் அந்த விறாந்தைக்கு வந்ததைக் கண்டு, பிள்ளைகளோடு இருந்த பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொடுத்தார்கள். "என்ன கிறகோரி அண்ணை, ஊசி போடவே?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவன் தூணுக்குப் பின்னால் போய் நின்றான். ஆனால் திரும்பிப் போகவில்லை.

விமலேஸ்வரி யூலிற்றாவின் முகத்தைப் பார்த்தா. "எப்ப?"

"விடியப்புறம். வழமையைப் போலத்தான் போகுது."

விமலேஸ்வரி ஒரு பெருமூச்சு விட்டா. அவவும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறா. "ஒப்பரேசனுக்குக் கடிதம் எழுதித் தாறன், றோட்டு ஓடுற நாளாப் பாத்து ரெண்டுபேரும் போங்கோ. அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒண்டு. இண்டைக்கே துடங்கலாம்." அட்டையைத் திறந்து முதல் வெள்ளைக் குளிசை இருக்கிற இடத்தைக் காட்டினா.

மண்குடத்திலிருந்து பேணியால் தண்ணி மொண்டு, அத்தனை பேரும் பார்த்திருக்க, யூலிற்றா அதை வாயில் போட்டு விழுங்கினாள். பேணியை வைத்துவிட்டுத் திரும்பினாள். இரண்டடிதான் வைத்தாள். கை, தோள், தாடை எல்லாம் நடுங்கின. பக்கத்தில் இருந்த ஒருத்தி தன் பிள்ளையை மற்றத் தொடைக்கு மாற்றிக்கொண்டு வாங்குப் பலகையில் இடம் விட்டாள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டா விமலேஸ்வரி.

"பயமாக் கிடக்கு மிசி," என்றாள் யூலிற்றா.

"இப்பவோ? எல்லாம் முடிஞ்ச பிறகோ?"

"ஓம். இப்பதான்."

"அப்ப இருந்திட்டுப் போம். அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு விமலேஸ்வரி அடுத்த பிள்ளையைத் தராசில் வைத்தா.